சாமி பல்பு லைன்

ஏரல்
3 ஜூன் 2025

ஐசு,

உன்னோடு இனிமேல் பேச்சே இல்லை என்று வைராக்கியமாக இருந்தேன். இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன். போன் போட்டால் உன் பக்கத்தில் உன் அண்ணன் நிற்பார், என் பக்கத்தில் என் அம்மா நிற்பாள். அவர்களுக்காகத்தான் பேச வேண்டியிருக்கும். இந்த மெயில் முகவரி நாம் இரண்டு பேரும் 'லாரிமுறை' வேலைக்காகத் தொடங்கியது. உன் அண்ணன் மெயில் பார்க்கிற ஆள் இல்லை. அதனால் இங்கேயே பதில் போடு.

வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன். லாரி உரிமையாளர் சங்கத்தில் இருந்து உங்கள் கடைக்கு வந்தவர்களில் ஈவாஞ்சலின் என்று ஒரு அக்கா இருந்தார்களே, கடைப்படி இறங்கும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டவர், அவர் நேற்று கூப்பிட்டார். நாம் செய்த இணையப் பக்கம் அவர்களுக்கு வேண்டுமாம். துறைமுகத்துக்குள் போகத் தன் லாரிக்கு எப்போது முறை வரும் என்று தெரியாமல் டிரைவர்கள் பார்க்கிங்கிலேயே வெந்து சாகிறார்கள். போனில் திறந்தால் தன் முறை தெரிய வேண்டும், அவ்வளவுதான். பதினாறாம் தேதி திங்கட்கிழமை தொடங்கி ஒரு வாரம் ஓட்டிக் காட்டச் சொல்கிறார். ஓடினால் வேலை நமக்கு. "கடைக்கு இல்லம்மா, செஞ்ச ஆளுக்கு" என்று அவரே சொன்னார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது. அன்றைக்குச் சங்கக்காரர்கள் முன்னால் உன் அண்ணன் என்ன சொன்னார்? "கடப் பிள்ளைங்க சும்மா இருக்க நேரத்துல வெளாட்டாச் செஞ்சது. கடை பேர்லயே இருக்கட்டும்." நான் வாயைத் திறந்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவர்கள் போனதும் என் லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டப் போனார். நான் அதைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

போகட்டும். இங்கே பக்கம் திறக்கிறது. தலைப்பு வருகிறது, கலர் வருகிறது, லாரி வரிசை மட்டும் வரவில்லை. வெறும் வெள்ளை. வரிசையை எடுத்துத் தருகிற சர்வர் உன் வேலை. அது உயிரோடு இருக்கிறதா, இல்லை அதையும் அணைத்துவிட்டீர்களா?

இந்துமதி
(மதினி என்று போட மனசு வரவில்லை.)


தூத்துக்குடி
4 ஜூன்

மதினி,

நீங்கள் போடாவிட்டால் என்ன, நான் போடுகிறேன்.

சர்வர் உயிரோடுதான் இருக்கிறது. கல்லாவுக்குக் கீழே, கருப்பட்டிப் பெட்டிகளுக்குப் பின்னால், அதே பழைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் போனதோடு எல்லாம் முடிந்தது என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

உங்கள் வெள்ளைப் பக்கத்துக்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகையும் வந்தது. சர்வரின் முகவரி என்று என்ன எழுதியிருக்கிறீர்கள், திறந்து பாருங்கள். லோக்கல்ஹோஸ்ட். அதாவது, இதே கம்ப்யூட்டருக்குள் தேடு என்று. நீங்கள் லேப்டாப்பில் என்னதான் வரைந்தாலும் கடைசியில் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றித்தானே இரண்டு பேரும் பார்ப்போம்? சங்கக்காரர்களுக்கும் அதில்தான் காட்டினோம். உங்கள் பக்கமும் என் சர்வரும் ஒரே பெட்டிக்குள் குடியிருந்ததால் முகவரி எழுத வேண்டும் என்றே நமக்குத் தோன்றவில்லை. இப்போது ஏரலில் திறந்தால் அது உங்கள் லேப்டாப்புக்குள் என் சர்வரைத் தேடுகிறது. டிரைவர் திறந்தால் அவர் போனுக்குள் தேடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

வெளியே இருந்து வர ஒரு பொது முகவரி எடுத்துவிட்டேன். கீழே எழுதியிருக்கிறேன், அதை மாற்றிப் போடுங்கள். கம்ப்யூட்டரை எந்த ஊரில் கொண்டுபோய்ச் செருகினாலும் அதே முகவரிதான்.

ஒன்று மட்டும் கேட்காதீர்கள். "ப்ரோக்ராமை அனுப்பு, நானே ஏரலில் ஓட்டிக்கொள்கிறேன்" என்று கேட்காதீர்கள். தர மாட்டேன். அதையும் கொண்டுபோய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன மிச்சம்?

தரையைப் பார்த்தேன் என்கிறீர்கள். பார்த்தேன்தான். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது மாடிப்படியில் நின்றதும் நான்தான். "நீயும் வாரியா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நீங்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் போகப் பிறந்த வீடு இருக்கிறது. நான் இருப்பதே பிறந்த வீடு. நான் எங்கே போவேன்?

ஐஸ்வர்யா


ஏரல்
6 ஜூன்

ஐசு,

முகவரியை மாற்றிவிட்டேன். இப்போது உன் சர்வர் வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் பதில் என் கைக்கு வரவில்லை. திரையில் சிவப்பாக எழுதிக் காட்டுகிறது: இந்த இடத்திலிருந்து வருகிற பக்கத்துக்குச் சர்வர் அனுமதி சொல்லவில்லை. பக்கம் ஓர் ஊரிலும் சர்வர் வேறோர் ஊரிலும் இருந்தால், "இன்ன முகவரியில் இருந்து வருவது நம்ம ஆள்தான்" என்று சர்வர் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் பிரவுசர் பதிலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த அனுமதியை நீதான் அங்கே எழுத வேண்டும்.

பிறந்த வீடு பிறந்த வீடு என்கிறாயே, அதைக் கேள். வீட்டோடு சேர்ந்த அப்பாவின் பாத்திரக் கடைக்கு மேலே இருக்கிற குடோனில்தான் நான் இருக்கிறேன். சிக்னல் இங்கேதான் வரும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், வீட்டுக்கு யாராவது வந்தால், புருஷன் வீட்டை விட்டு வந்த நான் கண்ணில் படக் கூடாது. போன அமாவாசைக்குக் கோயிலுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு வாய்த் தண்ணீருக்காக இங்கே வந்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டதுமே அம்மா என்னை மாடிக்கு அனுப்பிவிட்டாள். அலுமினியச் சட்டிகளுக்கு நடுவில் கால் நீட்டக்கூட இடம் இல்லை. முழங்கை பட்டு ஒரு சட்டி உருண்டது, அது பத்துச் சட்டியை உருட்டியது. கீழே யாரோ "என்ன சத்தம்?" என்று கேட்டார்கள். "பூனை" என்றாள் அம்மா.

நான் அந்தச் சட்டிகளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது.

உன்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறாய். அன்றைக்கு என் கோபம்தான் எனக்குப் பெரிசாக இருந்தது, உன்னை நினைக்கவே இல்லை. பொய் சொல்ல விரும்பவில்லை.

அனுமதியை எழுது. பதினாறாம் தேதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

இந்துமதி


தூத்துக்குடி
7 ஜூன்

மதினி,

அவசரமாக எழுதுகிறேன். அண்ணன் லோடு இறக்கப் போயிருக்கிறான், வருவதற்குள் முடிக்க வேண்டும்.

அனுமதி எழுதும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டேன். யார் எங்கிருந்து வந்தாலும் விடு என்று அர்த்தம். இனி உங்களுக்குத் தடை இருக்காது.

எனக்குத்தான் இங்கே தடைக்கு மேல் தடை. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். தென்காசிக்காரர்கள், மளிகை மொத்த வியாபாரம். அண்ணன் சொல்கிறான்: "அவங்க கடையிலயும் கம்ப்யூட்டர் இருக்கு. நீ பில்லு போட்டுக்கிட்டு ஜாலியா இருக்கலாம்ளா." ஏதோ எனக்காகக் கேட்டு வாங்கிவந்த வரம் மாதிரி சொன்னான். இந்தக் கல்லாவில் இருந்து எழுந்து அந்தக் கல்லாவில் போய் உட்கார்வதற்கு எதற்கு மதினி நாதஸ்வரம்?

வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "ஏன் வேண்டாம், காரணம் சொல்லு" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாப்பிள்ளை நல்லவராகத்தான் இருப்பார். வேறு ஒருவர் மேல் ஆசையும் இல்லை. சர்வர் எழுதுகிற வேலை செய்து நானாக இருக்க வேண்டும் என்று சொன்னால் அப்பா அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்வாரா? அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதற்குத்தான் என்ன சொல்லியிருக்கிறாள்.

வண்டிச் சத்தம் கேட்கிறது.

ஐஸ்வர்யா


ஏரல்
10 ஜூன்

ஐசு,

உன் நட்சத்திரம் செல்லவில்லை. டிரைவர்கள் தங்கள் நம்பரைப் போட்டு உள்ளே நுழைந்துதானே முறையைப் பார்க்க வேண்டும்? அப்படி அடையாளத்தோடு வருகிறவர்களுக்கு "யார் வேண்டுமானாலும் வரலாம்" என்ற அனுமதியைப் பிரவுசர் ஏற்றுக்கொள்ளாதாம். இன்ன முகவரி என்று பெயர் சொல்லி எழுதினால்தான் விடுமாம். முந்தாநாள் முழுக்க முட்டி மோதி, நேற்றுதான் கண்டுபிடித்தேன்.

ஒருவிதத்தில் எனக்குச் சந்தோஷம். நாலு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். சோறு இருந்தது, துணி இருந்தது, வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் காப்பி இருந்தது. என் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. ஆகையால் தாயே, டிரைவர்கள் திறக்கப்போகிற என் பக்கத்தின் முகவரியை முழுசாக எழுது. ஓர் எழுத்து விடாமல் எழுது.

இன்னொரு சங்கதி. ஈவாஞ்சலின் அக்காவிடம், வேலை கிடைத்தால் தூத்துக்குடியிலேயே தங்க ஓர் அறை வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவர் தன் வீட்டு மாடியைத் தருகிறேன் என்கிறார். "மேச ஒண்ணு போடவா, ரெண்டு போடவா?" என்று கேட்டார். ரெண்டு என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கேட்காததை இப்போது கேட்கிறேன். நீயும் வாரியாளா?

உடனே பதில் வேண்டாம். யோசித்துச் சொல்.

கடைசியாக ஒரு குறை. பகலில் உன் சர்வர் இருப்பது தெரிகிறது. ராத்திரி கடை மூடுகிற நேரத்துக்குச் செத்துப்போகிறது, காலையில் உயிர் வருகிறது. டிரைவர்களுக்கு ராத்திரிதான் முக்கியம். அங்கே என்ன நடக்கிறது?

இந்துமதி மதினி


தூத்துக்குடி
12 ஜூன்

மதினி,

மதினி என்று போட்டுவிட்டீர்கள். பார்த்தேன்.

உங்கள் முகவரியை எழுதிவிட்டேன். நட்சத்திரத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதினேன். இப்போது என் சர்வருக்கு உங்களைத் தவிர வேறு யாரையும் தெரியாது.

ராத்திரி சாவதற்குக் காரணம் அப்பா. உங்களுக்குத்தான் தெரியுமே, கடை பூட்டும்போது மெயினை அணைக்காமல் அவர் படியேற மாட்டார். "கரண்டு கெடந்தா கடைக்குக் காவல் யாரு?" என்பார். ஃபிரிட்ஜ் வாங்கினால் மெயினை அணைக்க முடியாது என்பதற்காக இன்றுவரை கடையில் கூல்டிரிங்ஸ் விற்காத மனுஷன். அவரிடம் போய்க் கம்ப்யூட்டருக்காக மெயினைப் போட்டு வையுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்?

நேற்று அவர் பூட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். எல்லாம் அணைந்தது, சாமி படத்துச் சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது. அது எப்போதும் எரியும். கடை தொடங்கின நாளில் இருந்து அது அணையக் கூடாது என்று மெயினுக்கு முன்னாலேயே தனியாக ஒரு லைன் இழுத்து வைத்திருக்கிறார் அல்லவா? ஊர் முழுக்கக் கரண்ட் போனால்கூட அப்பா உடனே பக்கத்தில் எண்ணெய் விளக்கு ஏற்றிவிடுவார்.

அதில்தான் மதினி கொடுத்திருக்கிறேன். பல்பைக் கழற்றி, பிளக் ஓட்டை வைத்த ஹோல்டர் ஒன்றை மாட்டி, பல்பைத் திரும்ப அதில் போட்டேன். ஓட்டையில் இருந்து ஒயர் படத்துக்குப் பின்னால் இறங்கி, கருப்பட்டிப் பெட்டிக்குப் பின்னால் போகிறது. நெட் பெட்டியும் அதில்தான். கழற்றிய நேரத்துக்குள் யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். சாமியிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

நீயும் வாரியாளா என்று கேட்டிருந்தீர்கள். வர ஆசை இருக்கிறது. இந்தப் படியைத் தாண்டுகிற தைரியம் இல்லை. சாமி பல்பில் கை வைத்தவளால் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

ஐஸ்வர்யா


ஏரல்
17 ஜூன்

ஏளா ஐசு,

ஓடுகிறது! நேற்றும் ஓடியது, ராத்திரியும் ஓடியது, இன்றைக்குக் காலையில் கண் விழித்ததும் பார்த்தேன், ஓடிக்கொண்டே இருக்கிறது. குடோனில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அம்மா கீழே இருந்து "பூனைக்கு என்ன வந்துட்டு?" என்று கேட்டாள்.

ஈவாஞ்சலின் அக்கா ஒன்று சொன்னார். தருவைகுளத்து டிரைவர் ஒருவர் நேற்று போனில் பார்த்திருக்கிறார். தன் முறைக்கு இன்னும் வெகுநேரம் என்று தெரிந்ததும் பார்க்கிங்கில் லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டுவிட்டு, சரியாக முறைக்கு வந்து நின்றாராம். இன்று சங்கத்துக்கு வந்து, "யம்மா, எம்புள்ள முழிச்சிருக்கும்போது நான் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றாராம். இதை நம் இரண்டு பேரில் யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் அக்கா எனக்குச் சொன்னார். உனக்கும் சேர வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் இங்கே வந்தார். சங்க வேலை எனக்கு வரப்போவதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கீழே கூப்பிட்டார்கள். "லேப்டாப்ப வச்சுக்க. ஒண்ணும் சொல்லல. ஆனா வேலை கடை பேர்ல இருக்கட்டும், வீட்டுக்கு வா" என்றார். என் பெயரில் இருந்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். நான் வரவில்லை என்றதும், இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றை மொத்த விலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார். வியாபாரி அல்லவா.

ஒரு கவலை. அந்த லைன் ஒரு சின்ன பல்புக்காக இழுத்தது. ஒயரைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் சொல். வரும் திங்கட்கிழமை வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும்.

இந்துமதி மதினி


தூத்துக்குடி
20 ஜூன், சாயங்காலம்

மதினி,

நீங்கள் பார்த்திருப்பீர்கள், காலையில் இருந்து பக்கம் செத்துக்கிடக்கிறது. என்ன நடந்தது என்று சொல்கிறேன். நிதானமாகப் படியுங்கள்.

தென்காசிக்காரர்கள் பத்தரைக்கு வந்தார்கள். மாடிக்குப் போகும் முன்னால் கடைச் சாமியைக் கும்பிடட்டும் என்று அப்பா உள்ளே கூட்டிவந்தார். மாப்பிள்ளையின் அம்மா கைகூப்பிக் கண்ணை மூடினார். நான் பட்டுச்சேலையில் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணைத் திறந்தபோது படக்கென்று ஒரு சத்தம். சிவப்பு பல்பு அணைந்துவிட்டது.

மற்ற எல்லா விளக்கும் எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது. சாமி பல்பு மட்டும் இல்லை. அந்த அம்மா மெதுவாக, "பொறவு ஒரு நாள் பாத்துக்கிடுவோம் அண்ணாச்சி" என்றார். கேசரி மேலே ஆறிக்கொண்டிருந்தது, அதைக்கூட வாயில் வைக்காமல் வண்டி ஏறிவிட்டார்கள்.

ஃபியூஸ் போயிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் சொன்னபடி தொட்டுப் பார்த்தேன், இரண்டு நாளாகவே ஒயர் வெதுவெதுப்பாக இருந்தது. திங்கட்கிழமை வரைக்கும் தாங்கும் என்று நினைத்தேன். ஆனால் இங்கே யாரும் எலக்ட்ரிஷியனைக் கூப்பிடவில்லை. அப்பா எண்ணெய் விளக்கை ஏற்றிவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். "முப்பது வருசமா அணையாத விளக்கு. இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சாமி சொல்லுது" என்று அம்மாவிடம் சொன்னார்.

புரிகிறதா மதினி? நான் காரணம் சொல்லத் தெரியாமல் நின்ற கல்யாணம் தானாக நின்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்தால் சர்வர் எழுந்திருக்காது. பூட்டின கடைக்குள் இருக்கிறது, ப்ரோக்ராமும் அதற்குள்தான் இருக்கிறது. "சாமி இல்லப்பா, என் ஒயர்" என்று சொன்னால் பல்பும் எரியும், சர்வரும் ஓடும், தென்காசிக்காரர்களைத் திரும்பக் கூப்பிட அண்ணன் போனையும் எடுத்துவிடுவான்.

நான் என்ன செய்ய?

ஐஸ்வர்யா


ஏரல்
20 ஜூன், இருட்டுகிற நேரம்

ஐசு,

இப்போதுதான் படித்தேன். சொல்லாதே.

ஈவாஞ்சலின் அக்கா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். டிரைவர்கள் சங்கத்து வாசலில் நின்று சத்தம் போடுகிறார்களாம். நாளை மத்தியானத்துக்குள் ஓடினால் மன்னித்து விடலாம், அதற்குமேல் தன்னால் முடியாது என்றார். அவர் நல்லவர், அவரும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டும். ஓடாது என்றே நான் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை போனால் இன்னொன்று வரும். எனக்குப் பாத்திரக் குடோன் பழகிவிட்டது.

இது எனக்குப் பெரிய விஷயம் இல்லை என்று நினைத்துவிடாதே. என் பெயரில் ஒன்று நடக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் அதற்கு விலை நீ தென்காசிக் கல்லாவில் உட்கார்வது என்றால் எனக்கு வேண்டாம். சகுனம் உன் பக்கம் நின்றிருக்கிறது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். ஒயரை மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் உருவி எடுத்துவிடு.

சொல்லாதே, என் கண்ணு.

மதினி


ஏரல் பஸ்ஸில் இருந்து
21 ஜூன், காலை

மதினி,

உங்கள் மெயிலை இன்றைக்கு விடியத்தான் பார்த்தேன். அதற்குள் சொல்லிவிட்டேன்.

நேற்று விளக்கு வைத்ததும் அப்பா முன்னால் போய் நின்றேன். முதலில் தரையைத்தான் பார்த்தேன். அப்புறம் அந்தத் தருவைகுளத்து டிரைவர் நினைப்பு வந்தது. மறுபடியும் பார்க்கிங்கில் கிடப்பார், பிள்ளை தூங்கிப்போயிருக்கும். நிமிர்ந்துவிட்டேன். "அப்பா, சாமி அணைக்கல. நான்தான் அந்த லைன்ல கம்ப்யூட்டர் குடுத்தேன். மதினியும் நானும் செஞ்ச வேலை அதுல ஓடுது" என்றேன். முழுசாகச் சொன்னேன், உங்கள் பெயரோடு சொன்னேன்.

அண்ணன் குதித்தான். "ரெண்டு பேரும் சேந்து நடத்துன நாடகமா? இப்பவே தென்காசிக்குப் போன் போடுதேன்" என்று போனை எடுத்தான். என் கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எதுக்குல போன்? ஒயரால அணஞ்சா என்ன, காத்தால அணஞ்சா என்ன? சம்பந்திக்காரி கண்ணத் தொறந்த நேரம் அணஞ்சிருக்கு. அணஞ்சது அணஞ்சதுதான்" என்றார்.

நான் பயந்த பயம் எல்லாம் என்ன ஆயிற்று பாருங்கள். உண்மையைச் சொன்னாலும் அப்பாவின் சகுனம் அசையவில்லை! சிரிப்பு வந்தது, கடித்துக்கொண்டேன். ஆனால் என்னைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. "சாமி லைன்ல கை வச்ச அந்தச் சனியன் பொட்டி நாளைக்குக் கடை தொறக்கயில இங்கன இருக்கக் கூடாது. அந்த ஏரல் பிள்ளைட்டயே கொண்டுபோய்க் குடுங்க" என்றார். அண்ணன், ஏரல் வாசலை மிதிக்க மாட்டேன் என்றான். வேறு யாரை அனுப்ப? "அப்ப நீயே மொத பஸ்ஸுல போயிக் குடுத்துட்டு, சாயங்காலத்துக்குள்ள வந்து சேரு" என்று அப்பா என்னிடம் சொன்னார்.

சர்வருக்கு விடுதலை, எனக்குச் சாயங்காலம் வரைக்கும் பரோல் என்று நினைத்துக்கொண்டுதான் காலையில் கிளம்பினேன். கம்ப்யூட்டரைக் கருப்பட்டிப் பெட்டிக்குப் பின்னால் இருந்து எடுத்துக்கொடுத்தேன். அம்மா அதை உள்ளே கொண்டுபோய்த் தன் பழைய சூட்கேஸில் கட்டிக்கொண்டு வந்தாள். "பஸ்ஸுல ஆடி ஒடஞ்சிரக் கூடாதுல்லா, துணி சுத்தி வச்சிருக்கேன். பாத்துப் போ" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

பழையகாயல் தாண்டினதும் ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. உள்ளே ஏதாவது கழன்றுவிட்டதோ என்று பயந்து மடியிலேயே வைத்துச் சூட்கேஸைத் திறந்தேன். மதினி, கம்ப்யூட்டரைச் சுற்றி இருந்தது பழைய துணி இல்லை. என் சுடிதார்கள். துவைத்துக் காய்ந்தது, மடித்து வைத்தது, தீபாவளிக்கு எடுத்தது, ஒன்றுவிடாமல் என் துணி பூராவும். அடியில் பாலிதீன் கவரில் என் டிகிரி சர்டிபிகேட்டும் ஆதார் கார்டும் இருந்தன. அவை அண்ணனின் பீரோவில் இருந்தவை.

சாயங்காலத்துக்குள் வந்து சேரு என்று அப்பா சொன்னபோது அம்மா பக்கத்தில்தான் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முக்காணிப் பாலம் வந்துவிட்டது. ஒரு பிளக் பாயிண்டைக் காலியாக வையுங்கள், மத்தியானத்துக்குள் ஓட்டிவிடலாம். அங்கே செருகினாலும் அதே முகவரிதான். ஈவாஞ்சலின் அக்காவிடம் மேசை ரெண்டு என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

ஐசு